மஞ்சள் மீனுக்கு அம்மை

துல்கர்னைன் தென்காசிக்காரர். தூத்துக்குடியில் படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தவர், 1958 சாரல் சீசனுக்குக் குற்றாலம் ஐந்தருவிப் பாதையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, தகரங்களில் கடல்நீர் கொண்டுவந்து, கடல்மீன் காட்டினார். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்தலையோடு நின்று பார்த்தார்கள்.

இரண்டாம் வாரம் மீன்களின் மேல் உப்புத்தூள் போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. ஒவ்வொன்றாகச் செத்தன. ஒரு மஞ்சள் மீன் மட்டும் மிஞ்சியது. அதுவும் போனால் காட்ட ஒன்றுமில்லை.

அது ஒட்டுண்ணி, உதிர்ந்து தொட்டியடியில் பெருகி மறுபடி மீனில் ஏறும் என்று தூத்துக்குடியில் கேட்டிருந்தார். மீனை ஊறுகாய் ஜாடிக்கு மாற்றி, மருந்தாக, நீரில் நீலம் தெரியாத அளவுக்கு மயில்துத்தம் கரைத்தார். தொட்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பக்கத்தில் சிப்ஸ் கடை போட்டிருந்த பிச்சம்மாள் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“பாய், இது அம்மைலா? மருந்தா போடுதிய? ஆத்தா கோவிச்சுக்கிடுவா.”

சொல்லிவிட்டு தொட்டி இருந்த கொட்டகை வாசலில் வேப்பங்குலை கட்டினாள். அதைப் பார்த்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மூன்றாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் தாணுமாலயன் பிளீச்சிங் பவுடர் டின்னோடு வந்தார்.

“யாருக்குவே அம்மை?”

“மீனுக்கு.”

“பேரைச் சொல்லும்.”

“மஞ்ச மீனு. பேரு வைக்கல.”

இன்ஸ்பெக்டர் ஜாடிக்குள் பார்த்தார். புள்ளிகள் இருந்தன.

“அம்மைன்னு தகவல் வந்துட்டு. தூவாமப் போக முடியாது.”

டின்னைத் திறந்தார். துல்கர்னைன் ஜாடியின் வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“சார், ஒரு சிட்டிகை விழுந்தாலும் செத்துரும். அங்கன, அந்தத் தொட்டியில கொட்டுங்க. சீக்கு அதுலதான் இருக்கு.”

“காலித் தொட்டியில தூவிட்டு நான் என்னன்னு எழுத? கைய எடும்வே.”

அவர் எடுக்கவில்லை. பிச்சம்மாள் சிப்ஸ் கரண்டியோடு வந்தாள்.

“ஏன் சார், அம்மை கண்ட பிள்ளை மூஞ்சியிலயா பவுடரக் கொட்டுவிய? வீட்டுலதான தூவுவிய?”

“வீட்டுலதான்.”

“மீனுக்கு வீடு எது? ஜாடியா?”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பிறகு தொட்டியில் டின் முழுவதையும் கொட்டினார்.

“கூட இருந்தவங்களுக்கு ஊசி குத்தணும். சட்டம்.”

“நான் மீனுகிட்ட நின்னதே இல்ல” என்று பிச்சம்மாள் தன் கடைக்குப் போய்விட்டாள். துல்கர்னைன் ஒரு கையை ஜாடியிலிருந்து எடுத்துச் சட்டைக் கையைச் சுருட்டினார்.

தொட்டியைப் பலமுறை கழுவி வெயில் வந்தபோதெல்லாம் காயவைத்தார். ஜாடியில் இருந்த மீனுக்குப் புள்ளிகள் உதிர்ந்தன. புதுக் கடல்நீர் வந்ததும் அதைத் தொட்டியில் விட்டார். ஊசி குத்திய கை வீங்கியிருந்தது. மறு கையால் இறாலைக் கிள்ளிப் போட்டார். மீன் தின்றது. இன்னும் கொஞ்சம் போட்டார். அதையும் தின்றது.