தண்ணீர் பார்க்காத படகு

அந்தப் புகைப்படம் ஒரு தெலுங்குச் செய்தித்தாளில் வந்தது. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் ஒரு படகு. படகுக்குள் என் நைனா உட்கார்ந்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டை யாரோ முண்டாசாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள். கையில் துடுப்பு, அதுவும் தலைகீழாக. பக்கத்தில் நின்று அவர் தோளில் கை போட்டிருப்பவர் எங்கள் துறைத் தலைவர். திருப்பதியில் நான் படித்த பொறியியல் கல்லூரியில் எல்லோருக்கும் அவர் பெத்த சார், அதாவது பெரிய சார். ஏரி கடக்கும் ஏழை விவசாயிக்குக் கல்லூரி செய்து கொடுத்த படகு என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். நைனா சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்பைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் நான் படத்தைப் பார்ப்பேன்.

எங்கள் ஊர் சித்தூர் பக்கம், புத்தலப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஏரியை ஒட்டி இருக்கிறது. நைனாவின் நைனா காலம் வரைக்கும் எங்களுக்கு ஒரு பிடி மண் சொந்தமில்லை. பிறகு அரசாங்கம் கொடுத்த நிலமும் ஏரிக்கு அக்கரையில்தான் வாய்த்தது. இக்கரையில் இருந்த நல்ல நிலத்துக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் இருந்தார்களே. வெயில் காலத்தில் ஏரிக்குள்ளேயே நடந்து போய்விடலாம். மழை பிடித்துக்கொண்டால் ரோட்டு வழியாகச் சுற்ற வேண்டும். புல்கட்டோடு அம்மாவை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? பழைய லாரி ட்யூபின் மேல் புல்கட்டை வைத்து, அதைத் தள்ளிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் வருவாள். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான். கடைசி வருட ப்ராஜெக்டுக்குப் படகு என்று நான் எழுதிக் கொடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

பெத்த சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏமிரா அரவம், குடிக்கவே தண்ணி இல்லாத சித்தூர்ல படகு வுடப்போறியா?" அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். தமிழ் வீட்டுப் பையன்களை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பேர், அரவம்; தமிழனைத் தெலுங்கில் இளக்காரமாகச் சொல்வது. அன்றைக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டார்.

படகு லேசாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு. கரையில் விட்டு வந்தால் விடிந்ததும் இருக்காது. அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் ஆளுக்கொரு முனை பிடித்து வீட்டுக்குத் தூக்கி வரும்படி இருக்க வேண்டும். மெல்லிய ப்ளைவுட்டை வெட்டி, ஓரங்களில் ஓட்டை போட்டு, செப்புக் கம்பியால் பலகைகளைச் சேர்த்துத் தைத்தேன். போனில் சொன்னபோது, "பலகைய தைக்கறியா? இன்னாடா, ஜாக்கெட்டா அது?" என்று அம்மா சிரித்தாள். மூலைகளில் மரத்தூளும் எபாக்ஸியும் குழைத்த பசையைப் பூசி, காய்ந்ததும் கம்பிகளை உருவி எடுத்தேன். அதற்குமேல் ஃபைபர் கிளாஸ் துணி. பசையும் ஹார்டனரும் சரியான அளவில் கலந்து தடவத் தடவ, வெள்ளைத் துணி மெல்லக் கண்ணாடியாகி, மரத்தின் ரேகைகள் உள்ளிருந்து எழுந்து வரும். அதைப் பார்க்கத்தான் அத்தனை பாடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் உடம்பெல்லாம் அரிக்கும், எத்தனை குளித்தாலும் போகாது. அந்த அரிப்பு எனக்கு அருவருப்பாக இருந்ததே இல்லை.

கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து பெத்த சார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து போக ஆரம்பித்தார். அதுவரை அரவத்தின் படகாக இருந்தது 'மன படவ' ஆனது. நம்ம படகு. அவர்கள் வருகிற காலையில் கடைசிப் பூச்சு இன்னும் இறுகவில்லை. "பூஜை இல்லாம எப்படி?" என்று சொல்லி மஞ்சளையும் குங்குமத்தையும் அவரே பூசினார். பிசுபிசுப்பில் அவை அப்படியே ஒட்டிக்கொண்டன, பூவிதழ்களும் சேர்ந்து. பிறகு தேங்காயைக் கையில் எடுத்தார். புது வண்டிக்குச் சக்கரத்துக்கு முன்னால் தரையில் உடைப்பார்கள். படகுக்குச் சக்கரம் எங்கே? ஒரு கணம் யோசித்துவிட்டு, படகின் மூக்கிலேயே ஓங்கி அடித்தார். பலகை உள்வாங்கி, கண்ணாடித் துணி நட்சத்திரம்போல விரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

குழு போன பிறகு அவரிடம் போனேன். "சார், மூக்குல விரிசல் வுட்டுடுச்சி. பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்ன அத பிரிச்சி ஒட்டணும். இல்லன்னா தண்ணி உள்ள பூந்து பலகை ஊறிப்போவும்."

"தண்ணியில எவன்ரா வுடப்போறான்?" என்றார் பெத்த சார்.

திட்டவில்லை, நக்கலும் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அவர் கெட்டவரென்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். படகு தண்ணீருக்குப் போகும் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடம் மழை நன்றாகப் பிடித்தது. ப்ராஜெக்ட் முடிந்தால் படகு என்னுடையது என்று கல்லூரியில் முன்பே சொல்லியிருந்ததால், நைனா ஊரிலிருந்து ஒரு லோடு ஆட்டோ பேசிக்கொண்டு வந்தார். படகு வரவேற்பறையில் வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பெத்த சார் பேர் போட்ட பலகை. நைனா ஒரு முனையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "இன்னாடா இது, முறம் மாதிரி கீது!" என்று பூரித்துப் போனார். அதற்குள் பெத்த சார் வந்துவிட்டார். "ரைத்தா நீங்க? விவசாயியா? பாகுந்தி, பாகுந்தி! ஏறுங்க, ஏறி உக்காருங்க." பேப்பர்காரருக்கு ஆள் போனது. படம் எடுக்கத்தானே, எடுத்தால் கொடுத்துவிடுவார்கள் என்று நைனா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி ஏறினார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும் பெத்த சார் என்னைத் தனியாக அழைத்து, "இது காலேஜ் ப்ராபர்ட்டி. நீ ஊருக்கு இன்னொண்ணு செஞ்சிக்கோ" என்று முதுகில் தட்டினார்.

வெறும் ஆட்டோவில் ஊர் திரும்பினோம். அம்மா கரையில் காத்துக்கொண்டிருந்தாள். "படகு எங்கய்யா?"

நைனா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "காலேஜுலதான் தண்ணி ஜாஸ்தியாம். அங்கியே வெச்சிக்கினாங்கோ." லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ட்யூபைத் தண்ணீரில் தள்ளினார். அன்றைக்கு அக்கரைக்கு அவரே போனார்.

இப்போது பங்காருபாளையம் பக்கம் மாங்கூழ் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. போன மாதம் ஒரு சான்றிதழுக்காகக் கல்லூரிக்குப் போனபோது வெளியே மழை. படகு அங்கேயேதான் இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் நனைந்த குடைகளை அதற்குள் போட்டுவிட்டுப் போகிறார்கள். அடியில் கொஞ்சம் அழுக்குத் தண்ணீர் தேங்கி, பீடித்துண்டு ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அந்தப் படகு கண்ட தண்ணீர் அவ்வளவுதான். பெத்த சார் ஓய்வு பெறுகிறார், விழா மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்றார்கள் ஆபீஸில். வாயில் ஊறிய எச்சிலை வெளியே வந்து துப்பினேன்.

இரண்டாவது படகை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் செய்தேன். முதலாவதைப் போல அழகில்லை. ஓரங்கள் கோணல், ஒரு பக்கம் துணி மடிந்து புடைத்திருக்கிறது. இந்த மழைக்கு அம்மாவை அதில் உட்காரவைத்து அக்கரையிலிருந்து கொண்டு வந்தேன். புல்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பைய போடா, பைய போடா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். கரையில் இறங்கியதும் குனிந்து, புடவை ஓரத்தைச் சேர்த்துப் பிடித்து முறுக்கிப் பிழிந்தாள். ஒன்றும் சொட்டவில்லை. துணி காய்ந்திருந்தது. கை மட்டும் இன்னும் பிழிந்துகொண்டிருந்தது.