விழுந்தால் யார் தூக்குவது? குரூசரில் தீவைச் சுற்றி ஒரு ஞாயிறு

“சரி, வாங்கிக்க. ஆனா விழுந்தா யாரு தூக்குறது?”

ஆறு ஆண்டுகளுக்கு முன், நான் பணி ஓய்வு பெற்ற வாரத்தில், என் கணவர் ராஜன் கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை. அவர் முதுகெலும்பில் இரண்டு திருகாணிகள் இருக்கின்றன. சந்தைப் பைக்கு மேல் கனமான எதையும் தூக்கக்கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. நான் வாங்க நினைத்ததோ ஆயிரத்து எண்ணூறு சிசி குரூசர் மோட்டார் சைக்கிள். காற்றுத் தடுப்புக் கண்ணாடி, இருபுறமும் பெட்டி, பின்னால் சாய்மானம் வைத்த இருக்கை. எடை முந்நூற்று அறுபது கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பைகள் எழுபத்திரண்டை அடுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான்.

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவள் நான். பதில் தெரியாத கேள்வி வந்தால் செய்து பார்த்துவிட்டுச் சொல்வது என் பழக்கம். பயிற்சி மையத்தில் ஒரு பழைய வண்டியைத் தரையில் படுக்க வைத்து, முறையைக் கற்றுக்கொண்டு, தனியாகத் தூக்கிக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் ராஜன் ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: நானே தூக்க முடியாத நாள் வந்தால், வண்டியை விற்றுவிட வேண்டும். நியாயமாகப் பட்டது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் அதே மையத்தில் தூக்கிக் காட்டி வந்தேன். போன டிசம்பரில் மட்டும் மையத்துக்குப் போகவே முடியவில்லை. வலது தோள் இறுகிப்போய்க் கையை உயர்த்தவே முடியாமல் மாதக்கணக்கில் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தோள் சரியானதும் நாங்கள் கிளம்பிய முதல் நீண்ட பயணம் இது. இதே வழியில் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஞாயிறு காலை ஆறரைக்குச் சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். மின்னியல் சாலைக் கட்டணம் கிடையாது. கனரக லாரிகள் குறைவு. ஜூரோங் வரை விரைவுச்சாலை. வார நாள்களில் நிறுவனப் பேருந்துகளுக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டிய அந்தச் சாலை, அன்று கழுவி வைத்த தட்டு போலக் காலியாக இருந்தது.

இந்த வண்டியை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று பலர் கேட்கிறார்கள். நடை வேகத்தில் போகும்போது பீரோவை நகர்த்துவது போல இருக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அந்த எடை எங்கே போனது என்று தெரியாது. பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றும்போது ஒற்றைக் காலில் நிற்கும், ஓய்ந்தால்தான் விழும். சின்ன வண்டிகளின் எஞ்சின் அவசரமாகக் கத்தும். இது நிதானமாகப் பேசும். காலடியில் அந்தத் துடிப்பை உணர்ந்துகொண்டே, மணிக்கணக்கில் களைப்பில்லாமல் போகலாம். கடையில் பளபளப்பைக் காட்டுவார்கள். எனக்கு இதில் பிடித்தது இந்த நிதானம்தான்.

ஏழேகால் மணிக்கு லிம் சூ காங் சாலை. சிங்கப்பூரில் இவ்வளவு நேரான, இவ்வளவு ஆளில்லாத சாலை வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இருபுறமும் மரங்கள், இடையிடையே பண்ணைகளின் வேலி, அப்பால் இடுகாடுகள். ராஜன் பின்னால் பாட ஆரம்பித்துவிட்டார். நாங்கள் தலைக்கவசத்தில் பேசும் கருவி பொருத்திக்கொள்ளாததற்கு அதுதான் காரணம். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இந்த மொழியே எங்களுக்குப் போதும்.

அவர் ஓட்டத் தெரியாதவர், கற்றுக்கொள்ளவும் விரும்பாதவர். ஆனால் அந்தப் பின் இருக்கையின் மீது அவருக்கு இருக்கும் பற்றை நான் சொல்லியாக வேண்டும். எம்ஆர்டியில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் முதுகைப் பிடித்துக்கொள்கிறவர், இந்தச் சாய்மானத்தில் மூன்று மணி நேரம் முனகாமல் வருகிறார். “தூக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. உக்காரக் கூடாதுன்னா சொன்னாரு?” என்று கேட்பார்.

கிராஞ்சி, மண்டாய், செம்பவாங் வழியாகப் பொங்கோல் நீர்முகப்புக்கு வந்தபோது மணி ஒன்பது. எதிர்க்கரையில் ஜொகூர் தெளிவாகத் தெரிந்தது. ரொட்டி பிராட்டா, இரண்டு கோப்பி, எட்டு சிங்கப்பூர் வெள்ளி. அங்கே நிறுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கரையோரம் சில இடங்களில் தரை கடல் பக்கம் சரிவாக இருக்கும். முன்சக்கரத்தைச் சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்து நிறுத்திவிட்டால், இந்த எடையைப் பின்னால் இழுக்க உங்களால் முடியாது. பெரும்பாலான குரூசர்களில் பின்செல்லும் கியரும் கிடையாது.

அங்கிருந்து சாங்கி கடற்கரைச் சாலை. ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே போகும் சாலை அது. தலைக்கு மேல் விமானம் இறங்க, கீழே நாங்கள். ராஜன் ஒரு தட்டுத் தட்டினார். விமானத்தைப் பார்க்க வேண்டுமாம். மெதுவாகப் போனேன். பிறகு கிழக்குக் கடற்கரை வழியாக நகருக்குள் நுழைந்து, பதினொன்றரைக்குத் தேக்கா சந்தைப் பகுதிக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கேதான் விழுந்தது.

காய்கறிக் கடைகள் இருக்கும் தெருவில் பைக் நிறுத்துமிடம். ராஜனை முதலில் இறக்கிவிட்டேன். எடையைக் குறைத்துக்கொண்டு நிறுத்துவது எப்போதும் நல்லது. நடை வேகத்தில் வலப்புறம் திரும்பிக்கொண்டிருந்தபோது, வெங்காய மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று கடையிலிருந்து வெளியே வந்தது. கைப்பிடி திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. புதிதாக ஓட்டுகிற எல்லோருக்கும் நான் சொல்கிற முதல் பாடமே அதுதான். பிடித்துவிட்டேன். வண்டி நின்றது, எடை முழுதும் வலப்பக்கம் போனது. ஊன்றிய கால், கடைக்காரர்கள் காய்கறி கழுவிய ஈரத்தில் வழுக்கியது. ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எவராலும் பிடித்து நிறுத்த முடியாது. கையை விட்டு விலகுவதே புத்திசாலித்தனம். விலகினேன். வண்டி பாதுகாப்புக் கம்பியின் மேல் படுத்தது. எனக்கு அடியில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஐந்தாறு பேர் ஓடி வந்துவிட்டார்கள்.

“அம்மா, அடி படலயே?”

“ஹேண்டில நீ புடி. டேய், அந்தப் பொட்டியில கை வைக்காத, கம்பியப் புடி.”

ஒரே மூச்சில் தூக்கி நிறுத்திவிட்டார்கள். நான் தலைக்கவசத்தைக் கழற்றக்கூட இல்லை. எல்லோரும் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர்கள், ஞாயிறு விடுமுறைக்குத் தேக்கா வந்திருந்தார்கள். நீலச் சட்டை போட்டிருந்த செந்தில் என்பவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“நீங்களா ஓட்டுறீங்க? சார் இல்லியா?”

“சார் பாட்டுப் பாடுறதோட சரி,” என்றேன்.

சிரித்தார்கள். நன்றி சொன்னேன். ஆனால் ராஜன் சிரிக்கவில்லை. தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போனோம். இருவருக்கும் இருபத்தாறு வெள்ளி. எனக்கு இறங்கவில்லை.

“இது கணக்குல வருமா?” என்று கேட்டேன்.

“நான் ஒண்ணும் சொல்லலயே, மல்லி.”

“அதான் கேக்குறேன். நான் தூக்கல. தூக்க முடியாமப் போகவும் இல்ல.”

“ரசம் ஆறுது லா. சாப்புடு.”

“லிம் சூ காங்ல விழுந்திருந்தா?”

அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே இருந்தார். “விழல இல்ல,” என்றார் கடைசியில். ஆனால் அவருக்கும் அதே நினைப்புதான் ஓடியது என்று எனக்குத் தெரியும். அந்தச் சாலையில் ராஜன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க முடியும்.

திரும்பி வந்தபோது செந்திலும் நண்பர்களும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நேரே போய்க் கேட்டேன்.

“தம்பி, ஒரு உதவி. இந்த வண்டிய மறுபடியும் படுக்க வைக்கணும்.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நல்லா நிக்கிற வண்டிய எதுக்கும்மா படுக்க வைக்கணும்?”

“நானே தூக்கணும்.”

“ஏதும் வேண்டுதலா?” என்று பின்னாலிருந்து ஒருவர் பயபக்தியோடு கேட்டார்.

“அப்படித்தான் வச்சுக்கங்க,” என்றார் ராஜன்.

கடையிலிருந்து அட்டைப் பெட்டிகளை வாங்கிப் பிரித்துத் தரையில் பரப்பினார்கள். முன்பு விழுந்த வலப்பக்கமாகவே மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். முறையைச் சொல்கிறேன். முதலில் கியரில் போடுங்கள், வண்டி உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் இடப்பக்கத்துப் பக்கத்தாங்கியை இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்தால் அது தாங்கிக்கொள்ளும். கைப்பிடியைத் தரைப் பக்கம் முழுதாகத் திருப்புங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் இடுப்பைப் பொருத்திக் குந்துங்கள். ஒரு கை கைப்பிடியில், மறு கை பின் கம்பியில். கைகள் வெறும் கயிறுகள். வேலை செய்ய வேண்டியவை கால்கள். சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும்.

முதல் முயற்சியில் ஒரு சாண் எழும்பியது. தோள் சுள்ளென்றது, விட்டுவிட்டேன். செந்தில் கையை நீட்டினார். “யாரும் தொடக் கூடாது,” என்றேன். வகுப்பில் பேசும் குரல் வந்துவிட்டது போலிருக்கிறது, எல்லோரும் ஓரடி தள்ளி நின்றார்கள்.

இரண்டாம் முறை இன்னும் கீழே குந்தினேன். ஈரத் தரையில் கால் கொஞ்சம் வழுக்கியது. எழும்பியது. பாதியில் நின்றது. தொடைகள் நடுங்கின. பிறகு திடீரென்று எடை குறைந்தது, வண்டி எழுந்து பக்கத்தாங்கியில் போய் நின்றது.

கதவைக் கீல் பக்கம் தள்ளினால் கனம், விளிம்பில் தள்ளினால் இலகு என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். இதிலும் அப்படி ஒன்று உண்டு. நிமிர நிமிர எடை சக்கரங்களுக்கு மேலே போய்விடுவதால், பாதி தாண்டியதும் தானாகவே இலகுவாகும். ஆனால் இவ்வளவு திடீரென்றா? முதுகைக் காட்டி நிற்பவளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

“யாராவது கை வச்சீங்களா?”

“சாமி சத்தியமா இல்லம்மா,” என்றார் வேண்டுதல் பற்றிக் கேட்டவர். செந்தில் அட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

ராஜனைப் பார்த்தேன். எல்லாவற்றையும் நேராகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

“இன்னும் ஒரு வருஷம்,” என்றார்.

எல்லோருக்கும் ஆற்றிய தேநீர், தே தாரிக், வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். வீட்டுக்கு ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. ஊட்ரம் அருகே தோளில் இரண்டு தட்டு. ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் நிறுத்தினேன். முதுகு வலிக்கிறதோ என்று திரும்பினேன்.

“அந்த நீலச் சட்டை கை வச்சான்,” என்றார். “பொட்டிக்குக் கீழ. கொஞ்சந்தான்.”

“பாத்தீங்களா? ஏன் அங்கேயே சொல்லல?”

“சொன்னா வண்டி போயிடுமே.”

நிபந்தனை போட்டவர் அவர். பெட்ரோல் போட்டேன், ஏழரை லிட்டர். பணம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தபோதும் அவர் இருக்கையை விட்டு இறங்கவில்லை.

“மல்லி, வித்துடலாம்னா வித்துடலாம். கோவிச்சுக்க மாட்டேன்.”

“சனிக்கிழம பாப்போம்,” என்றேன்.

வாரம் முழுவதும் சுவரில் சாய்ந்து குந்தி எழுந்து பழகினேன். தோளுக்கு ஒத்தடம் கொடுத்தேன். சனிக்கிழமை காலை எங்கள் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம். வெயில் வருமென்று அங்கே யாரும் வண்டி நிறுத்துவதில்லை. பக்கத்து புளோக்கில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் இரண்டு பேர் வந்து, பழைய பாய் மேல் குரூசரைப் படுக்க வைத்துவிட்டு, நான் கேட்டுக்கொண்டபடி கீழே போய்விட்டார்கள். ராஜனை என் எதிரே, என் கண் படும்படி நிற்கச் சொன்னேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

காய்ந்த சிமெண்டுத் தரையில் கால் வழுக்கவில்லை. பாதியில் நின்றது. இன்னும் ஓரடி வைத்தேன். மெல்ல, படிப்படியாக, புத்தகத்தில் போட்டிருப்பது போலவே எடை குறைந்தது. திடீரென்று குறையவில்லை. பக்கத்தாங்கி தரையைத் தொட்ட சத்தம் கேட்டது.

ராஜன் பெட்டியிலிருந்து தன் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, பின் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

சில குறிப்புகள். சுற்று மொத்தம் நூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர், நின்று நின்று போனால் அரை நாள். நாங்கள் நிறுத்திய இடங்களில் பைக்குக்கு அறுபத்தைந்து காசுக்கு மேல் ஆகவில்லை. பெரிய வண்டிக்கு மூன்று கட்ட உரிமம், ஒவ்வொன்றுக்கும் இடையே ஓராண்டு காத்திருக்க வேண்டும், அவசரப்படாதீர்கள். இங்கே வண்டி வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழின் விலை மாறிக்கொண்டே இருக்கும், வாங்கும் மாதத்தில் விசாரியுங்கள். லிம் சூ காங்குக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தேக்காவுக்கு ஞாயிறு மதியம் பெரிய வண்டியில் போகாமல் இருந்தால் நல்லது. போனால், உங்களைக் காப்பாற்ற அங்கே ஆள் இருக்கிறார்கள்.

வாங்கலாமா, வயதாகிவிட்டதா, உயரம் போதுமா என்று எனக்கு எழுதிக் கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். முன்பணம் கட்டுவதற்கு முன், பயிற்சி மையத்துக்குப் போய், அதே எடையுள்ள ஒரு வண்டியைத் தரையில் படுக்க வைக்கச் சொல்லி, தனியாக ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.