நன்றி சொல்ல வந்தவர்கள்

மந்தைவெளியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் மொத்தமே பன்னிரண்டு வீடுகள். அதில் முஸ்லிம் வீடு எங்களுடையது மட்டும். என் மகள் பள்ளிக்கூடம் சேரும் முன்பே இங்கே வந்துவிட்டோம்; இப்போது அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு ரமலானிலும் ஒரு சனிக்கிழமை மாலை மொட்டை மாடியில் எல்லா வீட்டாருக்கும் நோன்புக் கஞ்சி கொடுப்போம். எதிர் வீட்டில் இருக்கும் என் சிநேகிதி அன்றைக்கு மதியத்திலிருந்தே என் சமையலறையில்தான் நிற்பாள். அவர்கள் சைவம் என்பதால் கறி போடாத கஞ்சி தனிப் பானையில் வேகும். இஞ்சி போதவில்லை என்று வருடா வருடம் குறை சொல்வாள்.

போன ரமலானில், தி.நகரில் என் கணவர் வைத்திருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர்களையும் கூப்பிட்டிருந்தோம். நோன்பு திறந்ததும் அவர்கள் மாடியின் ஓர் ஓரத்தில் பாய் விரித்துத் தொழுதார்கள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். இரண்டொரு நாளில் அந்தப் படம் வாட்ஸப்பில் சுற்றி எங்கள் கைக்கே வந்தது. மொட்டை மாடியில் ரகசிய மசூதி நடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கேட்டுக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் என்று ஓர் அமைப்பு அறிவித்திருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு கார் நிறுத்தும் இடத்தில் எல்லோரும் கூடினோம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், போலீசில் சொல்லியாகிவிட்டது என்றார். கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்போம் என்றார் ஒருவர். பதிலுக்கு நாமும் கோஷம் போடுவோம் என்றான் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பையன். கீழ்த்தளத்தில் சினிமா மேக்கப்காரர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் எரிச்சலோடு பேசினார். "இவனுங்கள கண்டுக்கவே கூடாது சார். யாராச்சும் வேடிக்கை பாக்கணும், அதுக்குத்தான் வரானுங்க. கதவ சாத்திகினு படுத்துட்டா, வெயில்ல கத்திகினு இருந்துட்டு போய்டுவானுங்க."

அப்போது என் சிநேகிதி எழுந்தாள். கூட்டங்களில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"அதெல்லாம் சரிப்படாது. பன்னெண்டு ஆத்து மனுஷாளும் கீழ நாற்காலி போட்டுண்டு ஒண்ணா உக்காரணும். கத்த வேண்டாம், பதிலும் சொல்ல வேண்டாம். நம்மள்ல யாரைத் தேடிண்டு வந்திருக்கோம்னு அவாளுக்கே தெரியப்படாது" என்றாள்.

யாரும் மறுக்கவில்லை. செயலாளர்கூடத் தலையாட்டினார். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்ததும், "பாத்தியா, ஊரு இன்னும் கெட்டுப் போகல" என்றார் என் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவருமாக மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி, கேட்டுக்கு உள்பக்கம் வரிசையாகப் போட்டோம். உட்கார்ந்தோம். லிப்ட் இரண்டு முறை இறங்கியது. ஒரு முறை பால்காரர் வந்தார். இன்னொரு முறை ஒரு தம்பதி வந்து, அடையாறில் ஒரு விசேஷம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு காரை எடுத்துக்கொண்டு போனார்கள். என் சிநேகிதிக்குப் போன் செய்தேன். மாமியாருக்கு பிரஷர் ஏறிவிட்டது, பார்க்கிறேன் என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. பயந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேக்கப்காரர் டீ டம்ளரோடு வந்தார். எங்களுக்கு நோன்பு என்பது நினைவு வந்ததும் டம்ளரைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்டுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே" என்றேன்.

"இப்பவும் அதான் சொல்றேன்க்கா. ஆனா நீங்க ரெண்டு பேரும் தனியா குந்திகினு கீறீங்க. பாத்துட்டு எப்டி உள்ள படுக்கிறது?"

அவர்கள் வந்தபோது எதிர்பார்த்த கூச்சல் இல்லை. கொடிகள் இருந்தன, ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கர் இருந்தது, முன்னால் போலீஸ் ஜீப் நின்றது. ஆனால் வந்தவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்தார். "இது ஆர்ப்பாட்டம் இல்லை, நன்றி அறிவிப்புக் கூட்டம்" என்று தொடங்கினார். "நேற்று மாலையே நம்மை அழைத்துப் பேசி, இனி இந்த மாடியில் தொழுகையோ நோன்புக் கூட்டமோ நடக்காது என்று உறுதி கொடுத்த சங்கச் செயலாளர் ஐயாவுக்கு நன்றி. அவரோடு வந்து ஒத்துழைத்த மூன்றாவது மாடி சகோதரிக்கும் நன்றி."

மூன்றாவது மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேக்கப்காரர் மட்டும் மெதுவாக, "அப்போ நம்மள எதுக்கு இங்க உக்கார வெச்சாங்க?" என்று கேட்டார். கைதட்டல் முடிந்து அவர்கள் போகும் வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். எழுந்து போனால் ஓடியதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. காலி நாற்காலிகளுக்கு நடுவில் இருப்பதும் அதைவிட நன்றாக இல்லை.

மத்தியானம் அவளே வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, "அடிதடி இல்லாம முடிஞ்சதோல்லியோ? உனக்காகத்தான்டீ போனேன்" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஒத்துண்டிருக்க மாட்டே."

"ஆமா, மாட்டேன். அதனாலதான் சொல்லியிருக்கணும்."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை.

அடுத்த மாதம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் அந்த உறுதிமொழியைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டேன். பிள்ளையார் சதுர்த்திக்கு மாடியில் சுண்டல் கொடுப்பது மட்டும் தொடருமா என்றும் கேட்டேன். அது வேறு, நம்ம வழக்கம் என்றார் செயலாளர். அந்த 'நம்ம'வில் நான் இல்லை என்பது அவருக்கே உறைத்ததா, தெரியாது. எனக்காகக் கை தூக்கியவர்கள் மேக்கப்காரரும் அந்தக் கல்லூரிப் பையனின் அம்மாவும்தான். என் சிநேகிதி தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வீட்டை விற்றுவிட்டுப் பெருங்குடி பக்கம் போகலாம் என்று மகள் போனில் சொன்னாள். என் கணவர் மறுத்துவிட்டார். இந்த வருடம் கஞ்சியை வீட்டுக்குள்ளேயே வைத்தோம். வந்தது மூன்று குடும்பங்கள். கறி போடாத கஞ்சியும் காய்ச்சினேன். மேக்கப்காரரின் மனைவி செவ்வாய், சனி அசைவம் தொடமாட்டார்.

மைக் பிடித்தவரின் முகம் எனக்கு மறந்துவிட்டது. தெருவில் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. அவர் என்னை வெறுக்க என்னைத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. அவளோ நான் தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன் என்பது வரை தெரிந்தவள். இப்போதும் லிப்டில் பார்த்துக்கொள்கிறோம். தண்ணீர் லாரி வந்ததா என்று கேட்பாள். வந்தது என்பேன்.