இன்ஸ்பெக்டரின் தம்பி கரையேறிய கதை

அன்று வீட்டில் இருந்தது அம்மா, சித்தி, நான். இல்லாதது நைனாவும் சித்தப்பாவும். விடியலில் கடலுக்குப் போன அவர்கள் படகு மதியத்துக்குள் திருவொற்றியூர் கரைக்கு வந்திருக்க வேண்டும். வெயில் சாய்ந்தும் வரவில்லை. இருவருடைய போனும் அணைந்து கிடந்தது. தேடிக்கொண்டு இரண்டு படகுகள் போயிருந்தன.

படகு வராதபோது அழுவது ஆகாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதனால் சித்தி, "இன்னா சும்மா குந்திக்கினு கீற? அந்தக் கதைய எட்த்துப் படி" என்றாள். டோல்கேட் வாடகைப் புத்தகக் கடையில் எடுத்து வந்த துப்பறியும் மாத நாவல். வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; ஆறாம் வகுப்பு. கடைசி அத்தியாயம் பாக்கி. கொலைகாரனைத் துரத்திக்கொண்டு இன்ஸ்பெக்டரின் தம்பி படகில் ஏறியிருந்தான். இன்ஸ்பெக்டரைவிட அவன்மேல்தான் சித்திக்கு உயிர்.

கடைசித் தாளில், பாதிப் பக்கத்தில் என் கண் வாயை முந்திக்கொண்டு ஓடிவிட்டது. படகு கவிழ்கிறது. தம்பி மூழ்கிப் போகிறான்.

"இன்னாடா நிறுத்திட்ட? அந்தப் புள்ள இன்னா ஆனான்?"

"கரைக்கி வந்துட்டான் சித்தி."

"வந்து இன்னா துன்னான்?"

துப்பறியும் நாவல்களில் யாரும் வயிறாரச் சாப்பிடுவதில்லை. "நண்டுக் குழம்பு" என்றேன்.

"ரைட்டரு நம்ம ஏரியா ஆளு போல கீது!" சித்தி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தம்பிக்குக் கல்யாணமும் செய்துவைத்தேன்.

விளக்குப் போடுகிற நேரத்தில் தெருவில் சத்தம் கேட்டது. எஞ்சின் நின்றுபோன படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்திருந்தது. நைனா ஈர லுங்கியோடு வாசலில் நின்று, "சோறு கீதா?" என்றார். அதற்குப் பிறகுதான் அம்மாவும் சித்தியும் அழுதார்கள்.

மறுநாள் அம்மாவோடு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கடைசி ஷீட்டையே காணோம்?" என்றார்.

"அடுப்புல போட்டேன்."

கொத்தமல்லிக்குக்கூடப் பேரம் பேசுகிறவள், மறுபேச்சில்லாமல் முழு விலையையும் எடுத்துக் கொடுத்தாள்.

வழியில், "அதான் நைனா வந்துட்டாரே, ஏம்மா கிழிச்ச?" என்றேன்.

"அந்தப் புள்ளையும் வந்தவனாவே இருக்கட்டும்டா."

வெகுஜன நாவல்களைப் பற்றித்தான் இப்போது பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறேன். வாசகர் கதையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார் என்று எழுதும்போதெல்லாம் அம்மாவின் அடுப்பு ஞாபகம் வரும். எழுத்துத் தெரியாதவளுக்கு எந்தத் தாளைக் கிழிப்பதென்று எப்படித் தெரிந்தது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. தம்பி கரையேறி, நண்டு தின்று, மாலை மாற்றி முடிக்கும்வரை நான் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல், நைனாவுக்காகக் காத்திருந்தாள்.

அந்த முடிவுக்கு எங்களுக்கு ஆன செலவு இருபது ரூபாய்.