எல்லைக் கட்டை துளிர்த்த வீடு

அடுத்தவர் வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைந்து, தூணைத் தட்டி, கூரையை அண்ணாந்து பார்த்து, ‘இது ஆகாது’ என்று சொல்லிவிட்டு, அவர்கள் தருகிற டீயையும் குடித்துவிட்டு வருவதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது எங்களுடையது. அறுபதுகளில் போர்ட் பிளேரில் நான் பில்டிங் ஓவர்சியர். விருதுநகர்ப் பக்கம் வெயிலில் வளர்ந்தவன், கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் இறங்கினேன். இறங்கியதும் கையில் ஒரு டேப்பைக் கொடுத்து மேட்டில் ஏறச் சொன்னார்கள்.

வீடு கட்டிப் பார்த்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன். பிளான் பாஸாக வேண்டும், அஸ்திவாரத்தைக் காட்ட வேண்டும், கூரையைக் காட்ட வேண்டும், கடைசியில் ‘வேலை முடிந்தது’ என்று சர்டிபிகேட் வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடையாய் நடந்திருப்பீர்கள், என்னை மாதிரி ஒருவனை மனசுக்குள் வாய் வலிக்கத் திட்டியும் இருப்பீர்கள். திட்டினது சரிதான். ஆனாலும் டேப்பின் இந்த முனையைப் பிடித்தவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வீட்டின் கதைதான். நடுவில் ஒரு கதவு வரும்.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பிளான்

ராஜம்மா அபர்டீன் பஜாரில் இட்லிக் கடை போட்டிருந்தார். வீட்டுக்காரர் சிவனாண்டிக்கு மர மில்லில் வேலை. குடியிருப்பு மில் லைனில்: ஒரே அறை, நடுவில் சாக்குத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு தெலுங்குக் குடும்பம். அவர்களுக்கு மேட்டில் ஒரு சர்க்கார் மனை கிடைத்திருந்தது. கிடைத்தது பெரிதில்லை, அதற்கு ஒரு கெடுவும் இருந்தது. கெடுவுக்குள் வீட்டைக் கட்டி முடித்து எங்களிடம் சர்டிபிகேட் வாங்காவிட்டால் மனையை எடுத்து அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த அம்மாள் கொண்டுவந்த பிளானை விரித்துப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகமே வந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் இருக்கிற தம்பி யாரையோ வைத்து வரைந்து கப்பலில் அனுப்பியிருந்தார். சமதரையில் சதுரமான வீடு, நட்டநடுவில் வானம் தெரிகிற முற்றம். மனையோ ஆடு நின்றால் வழுக்குகிற சரிவு. வானமோ மே மாதம் திறந்தால் லேசில் மூடாத வானம். “அம்மா, இந்த முற்றத்தை வைத்தால் நீங்கள் வீட்டுக்குள்ளேயே மீன் பிடிக்கலாம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், சரிவில் தூண் எப்படி நிற்கும், தகரத்தில் மழை விழுந்தால் பேச்சு கேட்குமா என்று குடைந்து குடைந்து கேட்டார். கேட்கவே கேட்காது என்றேன். அதில்தான் அவர் முகம் மலர்ந்தது. எனக்குக் காரணம் விளங்கவில்லை. அவரே சொன்னார்: “முற்றத்தை எடுத்துடுங்க, ரூமைச் சின்னதாக்கிடுங்க, நாலு பக்கமும் பலகைச் சுவரு மட்டும் குறையக் கூடாது சார். லைன்ல இந்த மனுசனை நான் வைதா, திரைக்கு அந்தப் பக்கமிருந்து தெலுங்குல பதில் வருது.”

கப்பலில் வராத அஸ்திவாரம்

பிளான் பாஸாயிற்று, சிமெண்டுக்கு பெர்மிட்டும் ஆயிற்று. சிமெண்டுதான் ஆகவில்லை. கப்பல் வந்தது. வெங்காயம் இறங்கிற்று, கடுதாசி மூட்டை இறங்கிற்று, இரண்டு புது மணப்பெண்கள் இறங்கினார்கள். சிமெண்டு அடுத்த கப்பலில் என்றார்கள். அடுத்த கப்பலிலும் அதையே சொன்னார்கள். மழைக்கு முன்னால் வேலையைத் தொடங்காவிட்டால் கெடு தாண்டிவிடும். கடைசியில் அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே கட்டுவது என்று முடிவாயிற்று: தரையில் கருங்கல், கல்லின் மேல் படாக் மரத் தூண், தூணின் மேல் பலகைத் தளம். தண்ணீர் அடியில் ஓடிவிடும், வீடு பாட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும்.

நான் படித்த புஸ்தகத்தில் அஸ்திவாரத்துக்கு ஆழம் கேட்பார்கள். இதற்கு ஆழம் என்று எதைச் சொல்வது? தளம் போட்டதும் குனிந்து அதற்கு அடியில் தவழ்ந்தே போய்ப் பார்த்தேன். ஒரு கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. தூண்கள் மண்ணுக்குள் போகவே இல்லை, கல்லின் மேல் சும்மா நின்றன. இத்தனை காற்றில் எப்படி நிற்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். கல்கத்தாக்காரரான எங்கள் இன்ஜினியரிடம் போய்க் கேட்டேன். “பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே” என்று முடித்துவிட்டார். ஆழம், ஒன்றுமில்லை என்று எழுதினேன். சிவனாண்டிக்கு மனசே ஆறவில்லை. வேலையிலிருந்து வந்து, இடுப்பில் கை வைத்து, அந்தத் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் சொன்னார்: “எங்க ஊர்ல தேரைத்தான் சார் இப்படி நிப்பாட்டி வைப்பாங்க.”

நீலக் கதவு

சர்டிபிகேட்டுக்கு எத்தனையோ சங்கதி பார்க்க வேண்டும். அதில் ஒன்று, கக்கூசுக்குக் கதவு இருக்க வேண்டும். அந்த மேட்டில் ஒரே வாரத்தில் மூன்று வீடுகளுக்குக் கடைசிப் பார்வைக்குப் போனேன். முதல் வீட்டில் நீலக் கதவு. இரண்டாவது வீட்டிலும் நீலக் கதவு. பெயிண்ட் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வீட்டிலும் நீலக் கதவைப் பார்த்ததும் கிட்டே போய்த் தொட்டேன். கீல் பக்கம் அதே கீறல், அதே வளைந்த ஆணி. கதவுக்குச் சொந்தக்காரர் நூர்ஜகான் பீ. ராஜம்மா மனைக்கு வடக்கே அவர் வீடு. எங்களைப் போலக் கப்பலில் வந்தவர் இல்லை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிற குடும்பம். அவர் கணக்கில் நாங்கள் எல்லாரும் நேற்று வந்த பிள்ளைகள்.

நான் கோபமாகத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். பலகைக்கு அவ்வளவு பஞ்சமா, மரத் தீவில் மரக் கதவுக்கா பஞ்சம் என்று இந்தியில் கேட்டேன். மரம் காட்டில் இருக்கிறது, அறுத்த பலகை மெயின்லாண்டுக்குக் கப்பல் ஏறுகிறது, எங்களுக்கு பெர்மிட்தான் மிஞ்சுகிறது என்றார். எங்கள் தெரு வழக்கம் இதுதான், இருக்கிறவர் கொடுப்பது, பலகை கிடைத்ததும் அவரவர் செய்துகொள்வது என்றார். அடுத்த வீட்டுக்கு எப்போது வருவாய் என்று நிதானமாக விசாரித்தும் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை என்றேன். கதவைப் பார்த்தபடியே சொன்னார்: “வெள்ளி வேண்டாம் பாபு, சனிக்கிழமை வா. வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க, கதவு எனக்கே வேணும்.”

தண்ணீர் ஊற்றிய கட்டை

ராஜம்மா வீடு முடிந்தது. பலகைச் சுவர் நாலு பக்கமும் ஜோராக நின்றது. ஜன்னலுக்கு மஞ்சள் பெயிண்ட். சிவனாண்டி என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ‘வெளியே கேக்குதா பாருங்க’ என்று மனைவியை ஏதோ வைது காட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். மனையின் அளவு பார்ப்பது எங்கள் முறையில் கடைசி வேலை. அது ஏன் முதல் வேலையாக இல்லை என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டிருக்கிறேன். டேப்பைப் பிடித்தேன். ரோட்டுக்கு விடவேண்டிய இடத்தில் வீடு மூன்றடி முன்னால் வந்திருந்தது. மறுபடி பிடித்தேன். அதே மூன்றடி.

சர்வேக்காரர்கள் அடித்த எல்லைக் கட்டை எங்கே என்றேன். ராஜம்மா பெருமையாக ரோட்டோரம் கூட்டிப்போய்க் காட்டினார். ஆள் உயரத்துக்கு ஒரு கல்யாண முருங்கை, தளதளவென்று நின்றது. காய்ந்த கட்டை கைவசம் இல்லாமல் பச்சைக் கொம்பை வெட்டி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஊர் மழையில் அது சும்மா இருக்குமா? துளிர்விட்டிருக்கிறது. வெறுங்கட்டை துளிர்த்தது நல்ல சகுனம் என்று இவர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நடைவழியில் மிதிபடுகிறதே என்று பிடுங்கி, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நட்டிருக்கிறார். அதை எல்லையாக வைத்து வீட்டையும் கட்டியிருக்கிறார்கள்.

இன்ஜினியரிடம் போனேன். நல்ல மனுஷர்தான், ஆனால் ரோடு ரோடுதான் என்றார். முன்பக்கம் மூன்றடியை அறுத்து எடுப்பதானால் கூரையையே இறக்க வேண்டும், தூண் வரிசையை மாற்ற வேண்டும். கெடுவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. மழையோ நிற்கவில்லை. மனை போய்விடும். இதைப் போய்ச் சொல்ல எனக்கு வாயே வரவில்லை. சொன்னேன். சிவனாண்டி படியில் உட்கார்ந்துவிட்டார். ராஜம்மா அழவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: “சர்க்கார் கட்டைக்குத் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா சார்?”

ஞாயிற்றுக்கிழமை

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நூர்ஜகான் பீ, “இதுக்கா இந்த முகம்? மகான் தோ உட் ஜாயேகா” என்றார். வீடுதானே, தூக்கிவிடலாம் என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விளங்கிற்று. கல்லின் மேல் சும்மா நிற்கிற வீட்டைத் தூக்கி நகர்த்துவது அந்த மேட்டில் பழைய பழக்கமாம்.

வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கூரைத் தகரத்தை இறக்கி, சட்டி பானையை நூர்ஜகான் பீ வீட்டில் வைத்திருந்தார்கள். தளத்துக்கு அடியில் நீள நீளமான மரங்களைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். மில்காரர்கள், பெங்காலித் தச்சர்கள், ராஞ்சிக்காரர்கள், மலையாளிகள், லைனில் சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த தெலுங்குக் குடும்பம் முழுக்க. முதல் தடவை தூக்கியபோது வீடு அசையவே இல்லை. ஒருவர் ‘ஐலசா’ என்கிறார், ஒருவர் ‘ஜோர் லகாகே’ என்கிறார், ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு சமயத்தில் எழும்புகிறது. நூர்ஜகான் பீ எல்லார் வாயையும் அடக்கிவிட்டு, ஒரு தகர டப்பாவைத் தட்ட ஆரம்பித்தார். தட்டுக்குத் தூக்கு, தட்டுக்கு ஒரு எட்டு. வீடு எழுந்தது. மஞ்சள் ஜன்னலோடு ஒரு வீடு காலடி வைத்து நகர்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்புறம் யாரோ தோளில் ஒரு தட்டு தட்டினார்கள். நானும் போய் ஒரு மரத்தைப் பிடித்தேன். உத்தியோகத்துக்கு ஒத்துவராத காரியம்தான்.

நேராகப் பின்னால் தள்ளமுடியவில்லை. பின்னால் மலைச்சரிவு முட்டிற்று. வீட்டின் நீளம் ரோட்டிலிருந்து சரிவை நோக்கி ஓடிற்று. பக்கவாட்டாகத் திருப்பி வைத்தால்தான் இடம் பற்றும் என்றார்கள். அப்படியே கால் சுற்றுத் திருப்பினார்கள். வடக்கே நூர்ஜகான் பீ வேலி நெருக்கிக்கொண்டு நின்றதால் வாசலை அந்தப் பக்கம் வைக்க வழியில்லை. கீழே வைத்துவிட்டு எல்லாரும் மூச்சு வாங்கும்போதுதான் சிவனாண்டி கவனித்தார். கிழக்கே ரோட்டைப் பார்த்திருந்த வாசல் இப்போது தெற்கைப் பார்த்தது. “தெக்கு வாசலா” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தெலுங்குக்காரருக்கும் அது விளங்கிவிட்டது, அவரும் முகத்தைத் தொங்கப் போட்டார். மறுபடி தூக்குவோமா என்று மெதுவாக ஒருவர் கேட்டார். ஒருவர் கை எரிகிறது என்று உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தார். எல்லாரும் ராஜம்மாவைப் பார்த்தார்கள்.

நான் டேப்பை எடுத்து அளந்தேன். ரோட்டுக்கு விடவேண்டியது விட்டிருந்தது, மேலும் ஒரு சாண் மிச்சம். தகரத்தை ஏற்றினதும் நாளைக்கே சர்டிபிகேட் தரலாம், மனை உங்களுக்குத்தான், ஆனால் வாசல் இப்படி ஆயிற்றே அம்மா என்று இழுத்தேன். அவர் படியேறி, தெற்குப் பார்த்த அந்த வாசலில் நின்று, வந்த கூட்டத்தை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பிச் சொன்னார்: “ஊர்ல தெக்கு வாசல்னு கேட்டா சிரிப்பாங்க, சிரிக்கட்டும். அவங்க வீட்டைத் தூக்க எத்தனை பேரு வருவாங்கன்னு ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க.”

வீட்டுக்கு அனுமதி கொடுப்பது முனிசிபாலிட்டிதான் என்று இன்னும் நம்புகிறவர்கள், அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொண்டு ஒரே ஒரு வீடு கட்டிப் பார்க்கட்டும்.