ராசியான கை

சித்தூர் பக்கம் போர்வெல் போடுவதென்றால் முதலில் ராசியான கை ஒன்றைத் தேடுவோம். அந்தக் கைதான் போர் வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைக்க வேண்டும். எங்களுக்கு அது பக்கத்துத் தோப்பு அக்காவின் கை. எங்கள் பழைய போர் வற்றியபோது, கேட்காமலேயே தன் மோட்டாரிலிருந்து ஓஸ் இழுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்க எங்கள் மாமரங்களைக் காப்பாற்றியவர்.

புதிய போரை அவருடையதைவிட ஆழமாகப் போட்டோம். தேங்காயை அவரே உடைத்தார். வண்டிக்காரன் "நீள்ளு பட்டாயி!" என்று தண்ணீர் கிடைத்ததைத் தெலுங்கில் கத்தியதும், பீறிட்டு வந்த சேற்றுத் தண்ணீரை முதலில் தலையில் தெளித்துக்கொண்டது அக்காதான். நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து வந்தார். "மோட்டார் ஓடிக்கினுதாம்மா கீது. காத்துதான் வருது."

என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எல்லைக்கல் நட்டது மேலேதான், கீழே இருந்தது ஒரே தண்ணீர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். போடும்போதே தெரியும். இப்போது எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓஸ் கொடுத்தோம். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வாரத்துக்கு ஒருநாள். கரண்ட் இருக்கும் நேரம் எங்கள் மரங்களுக்கே போதவில்லை என்றோம்; அது பொய்யுமில்லை. அப்புறம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நானும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டேன். பிஞ்செல்லாம் கொட்டி, கிளை காய்ந்து, போன தை மாதம் அவருடைய மரங்களை வெட்டி லாரியில் ஏற்றினார்கள். அக்கா வேலியோரம் நின்று பார்த்தார். நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

இந்தக் கோடையில் எங்கள் போரும் காற்றுதான் தள்ளுகிறது. இன்னும் ஆழமாகப் போட வண்டி வந்து நின்றது. "அக்காவக் கூப்புடு, அவங்க கைதான் ராசி" என்றார் வீட்டுக்காரர். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் போனேன்.

வரமாட்டார் என்று நினைத்தேன். நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை என்றிருந்தது. அவர் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். "உன் மரமாவது நிக்கட்டும்மா" என்றார்.

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. வண்டி அலறத் தொடங்கியது. தண்ணீர் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் அக்கா கண்ணை மூடி, எங்களுக்காகக் கைகூப்பி நின்றார்.