இடம் மாறிய பையும் மாறாத கையும்

1992 யூன் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. கழிவறையில் நனைந்த பாவாடையுடன் நின்றேன். நனைத்தது தண்ணீர் மட்டும் அன்று.

சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பத்தியை வாசிப்பவர்கள், சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு வருவது நல்லது...

நோயின் காரணமாக, என் குடலின் ஒரு முனையை வயிற்றுத் தோலின் வழியே வெளியே எடுத்துவைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஒட்டிய பையில் மலம் சேரும். நிரம்புமுன் பையின் அடிவாயைத் திறந்து வெறுமையாக்கி, அலசி, மீண்டும் கிளிப்பைப் பூட்ட வேண்டும். இரண்டு வருடங்களாக அந்தக் குடல்வாய் இடப்பக்கம் இருந்தது. குந்தியிருந்து, இடக்கையால் பையைப் பிடித்து, வலக்கையால் தண்ணீர் ஊற்றுவேன்.

சென்ற மாதம் மீண்டும் அறுவைச் சிகிச்சை. குடல்வாய் வலப்பக்கம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. இடக்கையை வயிற்றுக்குக் குறுக்கே நீட்டி, உடலை முறுக்கிப் பிடித்தால் பையின் வாய் வழுக்கிவிடுகிறது. வலக்கையால் பிடித்தால் என்ன? பிடிக்கலாம் — ஆனால் அது உண்ணும் கை அல்லவா?

மறுநாள் முதல் பல்கலைக்கழக விரிவுரைகள், பிற்பகல் மூன்று மணிவரை. பையோ மதியத்துக்குள் நிரம்பிவிடும். வளாகத்தில் தனியாகச் சமாளிக்க இயலாவிட்டால் வகுப்பு வரவு போதாது. வரவு போதாவிட்டால் பரீட்சை இல்லை.

“ஒரு வருசம் விட்டால் என்ன பிள்ளை? வாற வருசம் எழுதலாம்தானே,” என்றார் அம்மா.

நீர்வேலியிலிருந்து வதனி வந்திருந்தாள். என் வகுப்புத் தோழி, பிறவி இடக்கைக்காரி. கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்:

“எடியே, வலக்கையாலை பிடியன்!”

“கை வருகுதில்லையடி.”

“உந்தக் கையாலை எல்லோ பிறகு சோறு தின்னவேணும்!” என்று அம்மா இடைமறித்தார்.

“அன்ரி, எனக்கு எழுதுறதும் இடக்கை, கழுவுறதும் இடக்கை. போன கிழமை எங்கடை வீட்டிலை நல்ல புட்டு எண்டு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டியளே... நான் மா குழைச்சது எந்தக் கையாலை எண்டு நினைக்கிறியள்?”

வெளியே பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. சற்று நேரத்தில் கதவிடுக்கால் ஒரு முழுச் சவர்க்காரக்கட்டி உள்ளே வந்தது. இந்தப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் அம்மா பெட்டியில் பூட்டிவைத்திருந்தது.

“ரெண்டு கையையும் வடிவாக் கழுவு,” என்றார் அம்மா. “சிரிக்காதை வதனி!”

அன்று பிற்பகல், கழுவிவைத்த பழைய பையொன்றில் தண்ணீர் நிரப்பி, இடுப்பின் வலப்பக்கம் தொங்கவிட்டு ஒத்திகை பார்த்தேன். வலக்கை பிடிக்க வேண்டும். இடக்கை ஊற்ற வேண்டும். முதலில் இரண்டு கைகளும் அந்நியரைப் போல் நடந்துகொண்டன. குடலை இடம் மாற்ற மருத்துவருக்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. ஒரு கையின் கௌரவத்தை இடம் மாற்றுவதல்லவா கடினம்!

மறுநாள் காலை, முதல் விரிவுரை முடிந்ததும் வளாகக் கழிவறைக்குள் சென்று தாழிட்டேன். பை நிரம்பும்வரை காத்திருக்கத் துணிவில்லை. வலக்கையால் பிடித்தேன், இடக்கையால் ஊற்றினேன். பாவாடை நனையவில்லை. சவர்க்காரமிட்டு இரு கைகளையும் கழுவிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

விரிவுரையாளர் வரவுக்குப் பெயர் கூப்பிட்டபோது, உயர்த்தியது வலக்கையைத்தான்.